சகலைக்கு ஒரு கண்ணாடிக் குழாய்

காதுக்காரரின் சட்டைப்பையில் பேனா இருந்து யாரும் பார்த்ததில்லை. அந்த இடத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். ரப்பர் மூடி, பக்கவாட்டில் அளவுக் கோடுகள். காலையில் பல் துலக்கியதும் அதைக் கழுவி, துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டுச் செருகிக்கொள்வார். பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்க்கிற குழாய் அது. பட்டறையில் அதற்கு வேலை உண்டு. ஆனால் கல்யாண வீட்டுக்கும் சாவு வீட்டுக்கும் அதை ஏன் கொண்டுபோக வேண்டும் என்று கேட்டால், "சகலை அங்க வருவார்ல" என்பார்.

சகலை என்றால் அவருடைய மனைவியின் தங்கை கணவர். ஒரே வீட்டில் பெண் எடுத்த இருவர் ஒருவரையொருவர் அளந்துகொண்டே இருப்பது உலக வழக்கம். இவர்கள் அளந்தது எஞ்சினில்.

காதுக்காரரின் தொழில், வேகக் கார்களின் எஞ்சினை ஊற்றுகிற பெட்ரோலுக்கு ஏற்பச் சுதி சேர்ப்பது. எத்தனால் கலந்த பெட்ரோல் ஒரு வினோதமான சரக்கு. வெறும் பெட்ரோலைவிட அதிகம் குடிக்க வைக்கும். ஆனால் குடித்த எஞ்சின் குளிர்ந்து நிதானமாக இருக்கும். மனிதர்களில் இப்படி யாரும் அகப்பட்டதில்லை. அந்த நிதானத்தை நம்பி, டர்போ எஞ்சினுக்குள் திணிக்கிற காற்றை ஏற்றலாம், தீப்பொறியை முன்கூட்டியே விடலாம், சக்தி கொட்டும். ஆனால் அப்படி ஏற்றிவைத்த எஞ்சினில் வெறும் பெட்ரோலை ஊற்றினால், சிலிண்டருக்குள் நெருப்பு தன் முறை வரும்வரை காத்திருக்காது. உள்ளேயிருந்து யாரோ சின்னச் சுத்தியலால் தட்டுவது போல ஓர் ஓசை கிளம்பும். தட்டல் என்பார்கள். தட்டலைக் கவனிக்காவிட்டால் பிஸ்டனில் ஓட்டை விழும்.

அந்தத் தட்டலைக் கேட்பதில்தான் அவருக்குப் பெயர். எஞ்சினின் உடம்பில் ஒரு செம்புத் துண்டை முடுக்கி, அதிலிருந்து ரப்பர் குழல் இழுத்து, காதை மூடும் பெரிய கவசத்துக்குள் விட்டிருப்பார். சாதாரண மனிதனுக்கு அதில் கேட்பது இரைச்சல். அவருக்குக் கேட்பது வாக்குமூலம். கார் கிறுக்கர்கள் வட்டாரத்தில் எல்லோரும் அவரைக் காதுக்காரர் என்றே கூப்பிட்டார்கள். வீட்டில் மட்டும் அந்தப் பட்டத்துக்கு மரியாதை இல்லை. மூன்றாவது தடவை கூப்பிட்டால்தான் திரும்புவார் என்பது மனைவியின் புகார்.

ஆரம்பத்தில் சகலைகள் இருவரும் கூட்டாகத்தான் பட்டறை வைத்திருந்தார்கள். இவருக்குக் காது, அவருக்கு வாய். நல்ல கூட்டு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அந்தக் கூட்டை உடைத்தது பல் டாக்டர் ஒருவரின் நீலக் கார்.

பல் டாக்டர் கலப்புப் பெட்ரோலுக்கு வண்டியைச் சுதி சேர்க்கச் சொல்லிக் கொடுத்திருந்தார். காதுக்காரர் காலையில் குழாயில் பெட்ரோலைச் சோதித்துப் பார்த்து, மதியம்வரை உட்கார்ந்து முடித்துவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்தபோது டாக்டர் வந்திருந்தார். கார் உருளைகள்மேல் நின்றது. நின்ற இடத்திலேயே சக்கரத்தை ஓடவிட்டுச் சக்தியை அளக்கிற மேடை அது. டாக்டர் கண்முன்னால் ஒரு கடைசி ஓட்டம் ஓட்டிக் காட்டலாம் என்றார் சகலை. சகலை ஸ்டியரிங்கில் உட்கார்ந்து மிதிக்க, காதுக்காரர் வெளியே கவசத்தை மாட்டிக்கொண்டு நின்றார். தட்டல் கேட்டால் கையைத் தூக்குவார், தூக்கினால் காலை எடுக்க வேண்டும். இதுதான் அவர்களுடைய வழக்கம். அதற்கு எழுத்தோ விளக்கோ கிடையாது. ஒரு கை, ஒரு கால், அவ்வளவுதான்.

கேட்டது. கையைத் தூக்கினார். சகலை அந்தச் சமயம் ஜன்னல் வழியாக டாக்டரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். டாக்டரும் மரியாதைக்குத் திரும்பச் சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு சிரிப்புக்கு நடுவில் எஞ்சின் வெடித்தது.

"அண்ணன் கையத் தூக்கவே இல்ல டாக்டர்" என்று சகலை சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, அனுதாபத்தோடு, "அவருக்குக் காது போச்சு. பாவம், வீட்ல யாரும் வெளிய சொல்றதில்ல" என்றார்.

காதுக்காரர் தன் குழாயை எடுத்துக்கொண்டு டேங்க் பக்கம் போனார். காலையில் சுத்தமாக ஓடிய எஞ்சின் மதியம் தட்டுகிறதென்றால் இடையில் பெட்ரோல் மாறியிருக்க வேண்டும். ஆனால் சகலை அதற்குள் டேங்கைக் காலி செய்துவிட்டிருந்தார். பாதுகாப்புக்காகவாம். அவ்வளவு அக்கறையான மனிதர்.

அதன் பிறகு நடந்ததைச் சொல்வது சுலபம். காது போன காதுக்காரரிடம் யார் வண்டி கொடுப்பார்கள்? சகலை தனியாகக் கடை வைத்தார். கண்ணாடிச் சுவர், தோல் சோபா, பட்டனைத் தட்டினால் காபி கொட்டுகிற மெஷின். காதுக்காரர் பழைய பட்டறையில் வீட்டுக் கார்களுக்குப் பிளக் மாற்றிக்கொண்டிருந்தார். விசேஷ வீடுகளில் சந்தித்தால் சகலை வாய் நிறையச் சிரித்து, இவருடைய காதருகே குனிந்து, உரக்கப் பேசுவார். "அண்ணே, நல்லா இருக்கீங்களா?" செவிடனிடம் பேசுகிற குரல். பந்தியே திரும்பிப் பார்க்கும். காதுக்காரர் சட்டைப்பையைத் தொட்டுக்கொள்வார்.

இதில் ஒரு விசித்திரம் பிறகுதான் சேர்ந்தது. போன வருடம் மனைவி அவரை இழுத்துக்கொண்டு காது டாக்டரிடம் போனாள். இடது காது தேய்ந்துவிட்டது, வலது காதும் மெதுவாக அதே வழியில் போகிறது என்றார் அந்த டாக்டர். சகலை சொன்ன பொய், வட்டி போட்டு உண்மையாகிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து, வாசலில் செருப்பைக் கழற்றும்போது காதுக்காரர் சொன்னார்.

"முழுசாப் போறதுக்குள்ள முடிக்கணும்."

"எதை?" என்றாள் மனைவி.

"அவரை."

"என் தங்கச்சி புருஷன்ங்க அவரு."

"அதனாலதான் உயிரோட விட்டு வச்சிருக்கேன்."

இந்த நிலையில்தான் தங்கச்சியின் போன் வந்தது. பழைய விமான ஓடுதளத்தில் வருடா வருடம் கார் கிளப்காரர்கள் ஜோடி ஜோடியாக நேர்கோட்டில் ஓட்டிப் பார்ப்பார்கள். அந்த நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. சகலையின் சொந்தக் கார், கடை வாசலில் விளம்பரம் போல நிற்கிற சிவப்பு வண்டி, மேடேறும்போது திணறியது. அவருடைய கடையில் சுதி சேர்க்கிறவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார்.

"அத்தான் பாத்துக் குடுப்பாரான்னு கேட்டா" என்றாள் மனைவி.

"சகலை வாயால கேக்க மாட்டாரா?"

"அவர் கேட்டா நீங்க முடியாதும்பீங்க. அதான் இவ கேக்கறா."

"இவ கேட்டா மட்டும்?"

"சரின்னு சொல்லப் போறீங்க. மூஞ்சியே சொல்லுது. ரொம்ப நாளா பாக்காத சிரிப்பு. பாக்க நல்லாவே இல்ல."

சகலை வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். பழைய பட்டறையைச் சுற்றிப் பார்த்தார். எண்ணெய் படிந்த தரை, சங்கிலியில் தொங்கும் தூக்கி, மூலையில் அதே உருளை மேடை. "மாறவே இல்லண்ணே" என்றார் பாராட்டுவது போல. பிறகு தோளில் கை போட்டு, "பழசையெல்லாம் மனசுல வச்சுக்கக் கூடாது" என்றார்.

"மனசுல இடமில்ல சகலை. சட்டைப்பையிலதான் வச்சிருக்கேன்."

சகலை சிரித்தார். எது புரியாவிட்டாலும் சிரிப்பது அவருடைய தொழில் ரகசியம்.

அன்று மாலை சிவப்பு வண்டியின் கம்ப்யூட்டரைத் தன் மடிக்கணினியோடு இணைத்துக்கொண்டு காதுக்காரர் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். சுகமாக இருந்தது. தீப்பொறியை நாலு டிகிரி முன்னால் தள்ளினால் போதும். பட்டறையைச் சுற்றி ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. ஓடுதளத்தில் முழுசாக மிதித்ததும், பாதி வழியில், இத்தனை பேர் பார்க்க, அந்தச் சிவப்பு மூடிக்குள்ளிருந்து வெள்ளைப் புகை. அவர் அந்தப் புகையை நன்றாகப் பார்த்தார். அதன் வாசனைகூட வந்தது. விரல் விசைமேல் இருந்தது.

பிறகு விரலை எடுத்துவிட்டார். கருணையால் அல்ல. காதுக்காரர் கையால் சுதி சேர்த்த வண்டி வெடித்தால் ஜனங்கள் என்ன சொல்வார்கள்? காது போச்சு என்பார்கள். எதிரியின் எஞ்சின் செத்தால் தன் பெயரும் கூடவே சாகும். ஆகவே உலகத்தில் எந்த எஞ்சின் வெடித்தாலும் சகலையின் எஞ்சின் மட்டும் வெடிக்கக் கூடாது. பழிவாங்கப் புறப்பட்டவர், எதிரியின் உடைமைக்கு மெய்க்காப்பாளர் ஆனார்.

பெற்ற பிள்ளைக்குக்கூட அப்படிப் பார்த்துச் செய்திருக்க மாட்டார். திணறலுக்குக் காரணம், எஞ்சினுக்குள் பெட்ரோலைத் தூவுகிற இன்ஜெக்டர் ஒன்றில் அடைப்பு. கழற்றிச் சுத்தம் செய்தார். பெட்ரோல் போகும் குழலில் ஒரு சென்சார் வைத்தார். உள்ளே போகிற பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு என்று அது வண்டிக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். எத்தனால் நிறைய இருந்தால் டர்போ முழுக் காற்றோடு பாயும். குறைந்தால் வண்டி தானாகவே காற்றைக் குறைத்து, மிதியை எவ்வளவு அழுத்தினாலும் காற்றுக் கதவை அரைகுறையாகத் திறந்து, உயிரைக் காப்பாற்றிக்கொண்டு நடக்கும். நல்ல ட்யூனர்கள் செய்கிற வேலைதான். காதுக்காரர் அந்த நடையைக் கொஞ்சம் கூடுதல் நிதானமாக வைத்தார். கவசத்தை மாட்டிக்கொண்டு, நல்ல வலது காதால், திரும்பத் திரும்பக் கேட்டார். ஒரு தட்டல் இல்லை. பாட்டுப் போல இருந்தது. அவருக்கே கொஞ்சம் எரிச்சலாக இருந்தது, இவ்வளவு நல்ல வேலையை இவருக்கா செய்தோம் என்று.

சொல்லாமல் விட்டால் அது குற்றம், சொல்லிவிட்டால்தான் பழி. வண்டியைக் கொடுக்கும்போது சொன்னார்.

"பங்க்ல ஓரத்துல பச்சைப் பம்ப் இருக்கும். கலப்புப் பெட்ரோல். அது மட்டும்தான் போடணும்."

"தெரியும்ணே."

"தெரியும்னு எனக்கும் தெரியும். இருந்தாலும் சொல்றேன். தங்கப் பம்ப்ல போட்டா வண்டி ஓடாது, நடக்கும்."

"சரிண்ணே, சரிண்ணே." சகலை போனில் யாருக்கோ வண்டியின் படத்தை அனுப்பிக்கொண்டிருந்தார்.

டேங்க் மூடிக்கு உட்புறம் 'பச்சை மட்டும்' என்று ஒரு ஸ்டிக்கரும் ஒட்டினார். மனைவிக்கு இது புரியவில்லை. "இவ்வளவு சொல்லிட்டீங்க, அப்புறம் எப்படி மாட்டுவாரு?"

"மலிவான பம்ப் பக்கத்துல அவர் நிப்பாருன்னு நினைக்கிறியா? அதுவும் நாலு பேர் பாக்க?"

தங்கப் பம்ப் என்பது பங்க்கின் நடுவில், விளக்கொளியில், தங்க நிறப் பிடியோடு நிற்பது. வெறும் பெட்ரோல், விலை அதிகம். பச்சைப் பம்ப் கழிவறைக்குப் போகும் வழியில், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பது. விலை குறைவு. விலை உயர்ந்த வண்டி விலை உயர்ந்ததைத்தான் குடிக்க வேண்டும் என்பது சகலையின் வேதாந்தம். கலப்புப் பெட்ரோலில் தொழில் நடத்துகிறவருக்கு இது தெரியாதா என்றால், தெரியும். தெரிவது வேறு, பக்கத்தில் நிற்பது வேறு. கடையில் பச்சைப் பெட்ரோலை ஆட்கள் கேனில் வாங்கி வருவார்கள்.

ஓடுதள நாளன்று காலை சகலை சிவப்பு வண்டியில் மனைவியோடு கிளம்பினார். அந்த வாரம் முழுக்க ஊரைச் சுற்றிக் காட்டியதில் டேங்க் காய்ந்திருந்தது. பின்னால் கிளப்காரர்கள் வண்டி வரிசையாக வர, பங்க்கில் திரும்பினார். ஒரு கணம் ஓரத்துப் பச்சைப் பம்ப்பைப் பார்த்தார். குப்பைத் தொட்டியையும் பார்த்தார். பிறகு நடுவில் போய் நின்று, தங்கப் பிடியைத் தன் கையாலேயே எடுத்து, டேங்க் நிறைய ஊற்றினார்.

ஓடுதளத்தின் ஓரத்தில், வலது காது பாதைப் பக்கம் இருக்கும்படி, காதுக்காரர் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். மைக் பிடித்து அறிவிப்புச் செய்தவர் அந்தப் பழைய பல் டாக்டர். கிளப்புக்கு இப்போது அவர்தான் தலைவர். சீட்டுக் குலுக்கியதில் சிவப்பு வண்டிக்கு ஜோடியாக வந்தது, டிரைவிங் ஸ்கூல்காரர் ஒருவர் வேடிக்கைக்காகக் கொண்டுவந்த பழைய சின்னக் கார். கூரையில் பலகையைக் கழற்றிய திருகுத் துளைகள் அப்படியே இருந்தன. கூட்டம் சிரித்தது. சகலை ஜன்னல் வழியாகக் கையசைத்தார்.

கொடி இறங்கியது. சின்னக் கார் உறுமிக்கொண்டு கிளம்பியது. சிவப்பு வண்டியும் கிளம்பியது. கிளம்பி, பெண் பார்க்க வந்தவர்கள் போல, அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. உள்ளே சகலை மிதிமேல் ஏறி நிற்காத குறை. ஓசை மட்டும் அருமையாக இருந்தது. காதுக்காரர் கண்ணை மூடிக் கேட்டார். ஒரு தட்டல் இல்லை.

டிரைவிங் ஸ்கூல் ஜெயித்துவிட்டு, பழக்க தோஷத்தில் இண்டிகேட்டர் போட்டுத் திரும்பியது.

வண்டியை நிறுத்திவிட்டுச் சகலை இறங்கிய வேகத்தில் பாதி வண்டிக்கு இருந்திருந்தால் ஜெயித்திருக்கலாம். நேரே டாக்டரிடம் வந்தார். "பாத்தீங்களா டாக்டர்? குடும்பமாச்சேன்னு அண்ணன்கிட்ட ட்யூனிங் குடுத்தேன். காது போச்சுன்னு அன்னைக்கே சொன்னேன்ல? தெரிஞ்சும் குடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

கூட்டம் காதுக்காரரைப் பார்த்தது. பலருக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. இத்தனை வருடமாக அவரைத் தின்றது அந்தப் பார்வைதான். அவர் நிதானமாக நடந்து வந்தார். சட்டைப்பையிலிருந்து குழாயை எடுத்து, ஒரு கோடுவரை தண்ணீர் விட்டு, டாக்டரிடம் நீட்டினார்.

"டேங்க்லேர்ந்து கொஞ்சம் எடுத்து மேல ஊத்துங்க டாக்டர். நானே செஞ்சா என்னமோ செஞ்சிட்டேம்பாங்க."

"என்ன பண்ணணும்?"

"குலுக்கிட்டு நிறுத்தி வைங்க. எத்தனால் இருந்தா தண்ணியோட சேந்துக்கும், தண்ணி மட்டம் ஏறும். இல்லைன்னா ஏறாது."

சகலையின் முகத்தில் சிரிப்பு இருந்தது. ஆனால் அதைத் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை. "இருங்க டாக்டர், முதல்ல டேங்கைக் காலி பண்ணிடுவோம். பாதுகாப்புக்கு..."

"இன்னைக்கு உங்களுக்கு நேரம் போதாது சகலை" என்றார் காதுக்காரர்.

டாக்டர் குலுக்கினார், காத்திருந்தார். குழாய் பிடித்துப் பழகிய கை. தண்ணீர் நின்ற கோட்டிலேயே பெரும்பாலும் நின்றது, மயிரிழை ஏறியிருக்கலாம். டேங்க் மூடியைத் திறந்து உட்புற ஸ்டிக்கரையும் படித்தார்.

"பச்சை மட்டும்னு போட்டிருக்கே. என்ன ஊத்தினீங்க?"

பதில் சகலையின் மனைவியிடமிருந்து வந்தது. கணவருக்காகப் பரிந்து பேசத்தான் அவள் வாயைத் திறந்தாள். "நல்ல பெட்ரோல்தாங்க டாக்டர் போட்டாரு. விலை கம்மியா எதுவுமே போட மாட்டாரு. அன்னைக்கு உங்க நீல வண்டிக்குக்கூட, அத்தான் சாப்பிடப் போன நேரத்துல, டெலிவரிக்கு முன்னாடி நம்ம மரியாதையா இருக்கட்டும்னு தங்கப் பம்ப்லதானே ஃபுல் பண்ணிட்டு வந்தாரு. ராத்திரி என்கிட்ட சொன்னாரே."

ஓடுதளத்தில் காற்று அடித்துக்கொண்டிருந்தது. டாக்டர் குழாயைப் பார்த்தார், சகலையைப் பார்த்தார்.

சகலை காதுக்காரரின் இடது பக்கமாக ஒதுங்கி வந்து, குனிந்து, மிக மெல்லிய குரலில், "நான்தாண்ணே மாத்திப் போட்டேன். அப்புறம்தான் உறைச்சுது. விட்டுடுங்க" என்றார். வாழ்க்கையில் முதல் முறையாக இவரிடம் மெதுவாகப் பேசினார்.

காதுக்காரர் தலையைச் சாய்த்தார். "என்ன சகலை? கேக்கல."

"நான்தான்..."

"காது போச்சுல்ல எனக்கு? நீங்கதானே சொன்னீங்க. கொஞ்சம் சத்தமா."

டாக்டருக்குப் புரிந்தது. மைக்கைச் சகலையின் முகத்துக்கு நேரே நீட்டினார். தொழில் வார்த்தை தானாக வந்தது.

"வாயை நல்லாத் திறங்க."

சகலை திறந்தார். நீலக் காரில் தப்பான பெட்ரோலை ஊற்றியது தான்தான் என்றும், குற்றம் அண்ணன் காதில் இல்லை என்றும், ஒலிபெருக்கியில், ஓடுதளத்தின் கடைசிவரை கேட்கும்படி சொன்னார். "அண்ணன் கையைத் தூக்கியிருப்பாரு. நான் பாக்கல" என்பதையும் காதுக்காரர் சொல்ல வைத்தார். அது நடுவில் கரகரத்துவிட்டது என்று இன்னொரு முறையும் கேட்டு வாங்கினார். அவர் காதுகள் அந்த நேரத்தில் எப்படிக் கேட்டன என்பதை அவர் மட்டுமே அறிவார்.

பிறகு குழாயைக் கழுவினார். கர்ச்சீப்பால் துடைத்தார். சகலையின் சட்டைப்பையில் செருகி, மேலே தட்டிக் கொடுத்தார். "வச்சுக்குங்க. எனக்கு இனிமே இதுக்கு வேலையில்ல."

பழிவாங்கிய பிறகு மனம் வெறுமையாகிவிடும் என்று பெரியவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அவர்கள் சரியாகப் பழிவாங்கவில்லை போலிருக்கிறது. காதுக்காரர் அன்று மதியம் இரண்டு முறை சாதம் போட்டுச் சாப்பிட்டு, சாயந்திரம்வரை தூங்கினார். அடுத்த வாரமே டாக்டரின் புது வண்டி பட்டறைக்கு வந்தது. அதன் பின்னால் மற்றவையும் வந்தன. கவசத்துக்குள் வலது காதால் கேட்டுக்கொண்டே வேலை செய்தார். இடது காதைப் பற்றி அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. காது போச்சு என்று சொல்ல இனி எவனுக்கும் தைரியம் வராது. ஆகவே நிம்மதியாகப் போகலாம் அது.

"பழிவாங்க இவ்வளவு உழைச்சீங்க" என்றாள் மனைவி. "சமையலறைக் கதவு எத்தனை நாளா கீச்சுன்னு கத்துது, ஒரு சொட்டு எண்ணெய் விட ஆளில்ல."

"கத்துதா?"

அவள் போனை நீட்டினாள். தங்கச்சி. மிச்சமிருந்த தங்கப் பெட்ரோல்மேல் பச்சையை ஊற்றியதில் சிவப்பு வண்டி இன்னும் கொஞ்சம் நிதானமாகவே கிளம்புகிறதாம். சென்சார் கேட்கிற எத்தனால் அளவைச் சற்றுத் தளர்த்தித் தர முடியுமா என்று அவர் கேட்கச் சொன்னாராம்.

"அவர் வாயாலயே கேக்கட்டும்."

"கேட்டா செஞ்சு குடுப்பீங்களா?"

காதுக்காரர் யோசித்தார். புதிதாகக் குடியேறிய பேனா ஒன்று சட்டைப்பையில் இருந்தது. அதைத் தடவிக்கொண்டார்.

"எந்தக் காதுப் பக்கம் நின்னு கேக்கறார்னு பாப்போம்."